இதயம் என்று எழுதிய வரிக்கு ஒரு திருத்தம்

இன்று காலை உங்கள் இறப்புச் சான்றிதழைத் தேடி பீரோவைத் திறந்தேன். அதற்கு அடியில், மகளுக்காகக் கல்லூரிக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல். ஓரத்தில் உங்கள் பெருவிரல் அளவுக்குக் கிரீஸ் கறை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியிலிருந்து இறங்கி, கையைக்கூடக் கழுவாமல் வாங்கிப் படித்தீர்கள். முகர்ந்து பார்த்தேன். வாசனை இன்னும் போகவில்லை.

மகள் டாக்டர் படிப்பின் கடைசித் தேர்வை முடித்து, திருச்செங்கோட்டுக்கு வந்திருந்த வாரம் அது. ஹவுஸ் சர்ஜனாக இருக்க வேண்டிய ஒரு வருடத்தை எங்கே கழிப்பது என்பதே வீட்டில் பேச்சு. தெற்கே அவள் படித்த கல்லூரி மருத்துவமனையில் ஓயாத வேலை. நம் ஊருக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. காலையில் கையெழுத்துப் போட்டால் போதும், மீதி நேரம் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கலாம் என்று தோழிகள் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஆசை. உங்களுக்கு அவளைவிட ஆசை.

"அங்க ஊசி போட்டுட்டே கெடந்தா எப்பக் கண்ணு படிப்பே? ஊட்டுக்கே வந்திரு."

இடம் மாறக் காரணம் வேண்டும். தந்தைக்கு உடல்நலம் இல்லை என்று பெற்றோர் கடிதம் வைப்பதுதான் வழக்கமாம். நான் மறுத்தேன். முப்பது வருடம் செய்தி எழுதியவள். விபத்தில் அடிபட்டவரின் வயதைத் தவறாகப் போட்டதற்குக்கூட மறுநாள் திருத்தம் போட்டிருக்கிறேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "ஒரு வரிதானுங்க அம்மிணி. எனக்கு இடுப்பு வலி இருக்குதல்ல? அதையே கொஞ்சம் பெருசா எழுதுங்க."

"இப்பிடிப் பேப்பர்ல எழுதுனா வேலை போயிரும்."

"இதுல எழுதுனா புள்ள ஊட்டுக்கு வரும்."

எழுதினேன். 'என் கணவர் இதய நோயாளி. உடனிருந்து கவனிக்க மகளைத் தவிர ஆள் இல்லை.' இதயம் என்பது நான் தேர்ந்தெடுத்த சொல். இடுப்பு வலிக்கு யாரும் இடமாற்றம் தரமாட்டார்கள் என்று நினைத்தேன். படித்துவிட்டு, "எனக்கே அழுகை வர்றாப்பல இருக்குது" என்றீர்கள்.

மகள் இங்கே மாறி வந்த ஐந்தாவது மாதம், போர் போடும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். மகள் இருந்த மருத்துவமனைக்கே கொண்டுபோனார்கள். உங்கள் கையில் நரம்பு தேடி இரண்டு முறை குத்தினாள். கிடைக்கவில்லை. "நகருங்க பாப்பா" என்று நர்ஸ் ஊசியை வாங்கிக்கொண்டார். முதல் தடவையே ஏறியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று பெரிய டாக்டர் பிறகு சொன்னார். மகள் அதைக் காதில் வாங்கவில்லை.

துக்கத்துக்கு வந்த அவள் தோழி ஒருத்தி, "அங்கிளுக்கு முதல்லயே ஹார்ட் ப்ராப்ளம் இருந்துச்சுல்ல ஆன்ட்டி" என்றாள். நான் தலையாட்டினேன்.

இப்போது மகள் பழைய கல்லூரிக்கே திரும்பி, அந்த வருடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறாள். நான் போனில் விசாரித்தேன். "அப்பா தவறிட்டாருன்னு ஒரு லெட்டர், கூட சான்றிதழ். உடனே ஆயிரும்மா" என்றார் கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர். அவர் குரலில் இரக்கம் இருந்தது.

"என்ன எழுதறதுன்னு நீயே பாரும்மா. அப்பாவ மட்டும் மறுபடியும் சீக்காளின்னு எழுதிராத" என்று சொல்லிவிட்டு மகள் குளிக்கப் போயிருக்கிறாள்.

மேசையில் இரண்டு தாள்கள். ஒன்றில் எல்லாம் எழுதி முடிந்துவிட்டது. 'இதய நோயாளியான என் கணவர் காலமானதால்' என்று அது தொடங்குகிறது. மற்றதில் ஒரே வரி: 'முந்தைய கடிதத்துக்குத் திருத்தம்: அதை எழுதிய நாளில் என் கணவர் நல்ல உடல்நலத்துடன் இருந்தார்.' கையில் கிரீஸோடு சிரித்துக்கொண்டிருந்தார் என்று சேர்க்கக் கை போனது. நிறுத்திக்கொண்டேன்.

இந்தத் திருத்தத்தை அனுப்பினால் மகள் மாட்டிக்கொள்வாள். அனுப்பாவிட்டால் அந்தக் கோப்பில் நீங்கள் என்றைக்கும் நோயாளிதான். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. இரண்டு தாளிலும் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.