கடிக்கிற பிள்ளைக்கு ஒரு எஃகுத் தொப்பி

மார்ச் 4, புதன்

எழுத்து எனக்குத் தெரியாது. நான் பேசப் பேச மருமகளின் ஃபோன் எழுதிக்கொள்கிறது. பேத்தியைத் தெருமுனை கிளினிக்குக் கூட்டிப்போனேன். நாலு வயது. இடப்பக்கக் கடைவாயில் சொத்தை. தின்றதெல்லாம் அதில் போய் அடைத்துக்கொள்கிறது, வலப்பக்கமே மெல்லுகிறாள். பல் டாக்டர் விரலை விட்டதும் நறுக்கென்று கடித்துவிட்டாள்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு நான் பார்க்கிறதில்லைங்க ஐயா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். என் பல் அத்தனையும் அசராமல் பிடுங்கிய மனுஷன். இத்தனூண்டு பிள்ளையிடம் ஏன் கை நடுங்குகிறது?

மார்ச் 9

தூக்கம் பிடிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அமுக்கிப் பிடிப்பார்களோ? இவள் வயதில் பல் பிடுங்க என்னை நாலு பேர் அமுக்கினார்கள். நெற்றியை அழுத்தியவரின் மோதிரம் ஜில்லென்றிருந்தது, அந்த ஜில் இன்றும் நெற்றியில் இருக்கிறது. அப்புறம் பல் டாக்டர் வாசலையே மிதிக்கவில்லை. மிதித்தபோது வாயில் மிஞ்சியதெல்லாம் பிடுங்கத்தான் ஆனது. இவளுக்கும் அப்படி ஆகிவிட்டால்?

மார்ச் 17, செவ்வாய்

கிளினிக்கில் புதுச் சங்கதி. குழந்தைப் பல் பார்க்கும் டாக்டரம்மா வாராவாரம் வந்து நம் டாக்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பேத்தியை வரச் சொன்னார்கள். அதற்குமுன் ஒரு ஒத்திகை; பிள்ளை நான்தான்! டாக்டர் பல் தேய்க்கும் பிரஷை என் நகத்தில் சுற்றவிட்டுக் காட்டி, "இது கூசுங்க ஐயா" என்றார்.

"ஐயா கிட்ட இல்ல டாக்டர், நாலு வயசுப் பொண்ணு கிட்ட பேசுங்க."

டாக்டரம்மா இப்படித் திருத்தியதும் டாக்டருக்குக் காது சிவந்துவிட்டது. "பா… பாப்பா" என்றார் என்னைப் பார்த்து.

மார்ச் 24

நானும் டாக்டரும் எதிரெதிரே, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தோம். பேத்தி என் மடியில் என்னைப் பார்த்து உட்கார்ந்து, தலையை அவர் மடியில் சாய்த்தாள். எதையும் சொல்லி, காட்டி, அப்புறம்தான் செய்ய வேண்டுமாம். நன்றாகத்தான் போனது. நான் சும்மா இருந்தேனா? "வலிக்காதுடா செல்லம்" என்றேன். டபக்கென்று வாயை மூடிக்கொண்டாள்.

"வலின்னு இங்க யாராவது சொன்னோமா?" என்றார் டாக்டரம்மா. "அடுத்த வாரம் தாத்தா வாயை மூடினாத்தான் பேத்தி திறப்பா."

அந்தச் சொல்லே வலிக்குமோ?

மார்ச் 25

பேசாமலிருந்து பழகுகிறேன். "உடம்புக்கு முடியலையா மாமா?" என்கிறாள் மருமகள்.

மார்ச் 31

ஊசி இல்லை, பல்லைக் குடையும் மெஷின் இல்லை. சொத்தையை மூடி, பல்லின் மேல் குட்டியாக ஒரு எஃகுத் தொப்பி. எப்படி மாட்டுவார் என்று எட்டிப் பார்த்தேன்.

"நீதான் மாட்டணும் பாப்பா. அன்னைக்கு என் விரலைக் கடிச்சியே, அதே கடி. இறுக்கமா இருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். நாக்கு துடித்தது எனக்கு. பொக்கை வாயை இறுக்கிக்கொண்டேன்.

கடித்தாள். முகம் சுளித்தது, அழவில்லை. டாக்டருக்குத்தான் வியர்த்திருந்தது. கை நடுங்கவில்லை.

ஏப்ரல் 7

கிளினிக் வாசலில் குட்டிக் குட்டிச் செருப்புகள்.

ஏப்ரல் 12

ஆப்பிள் துண்டை இடப்பக்கம் தள்ளி மென்றாள். அவளுக்கே தெரியாது. யாரும் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.