சுசியின் மெஷின் ஓடியது

வெள்ளி, இரவு

என் மனைவி சுசியின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடியும்வரை, ஒட்டுத்துணி விரிப்புகள் தைக்கும் அவளுடைய குவில்ட் மெஷினைத் தொடக்கூடாது என்று மாமி சொல்லியிருந்தார். ஆனால் மாமியின் மகன், பழுதான மெஷின்தானே என்று, வாங்குவதற்கு வவுனியாவில் ஆள் பிடித்துவிட்டான். அதனால், திருத்திக் காட்டிவிட வேண்டுமென்று இன்று தொட்டேன்.

நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஊசியை மாற்றியும் சரிவரவில்லை. அடிநூல் பெட்டியைக் கழற்றினேன். அவள் கடைசியாகத் தைத்த மஞ்சள் நூலின் தும்பு அடைத்துக் கிடந்தது. துடைத்து எண்ணெய் விட்டதும் ஓடியது.

சத்தம் கேட்டு மாமி வந்தார்.

"என்ன தம்பி, செத்தவீட்டில மெஷின் ஓட்டுறியள்? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும் மாமி. இது விக்கிறதுக்கில்லை எண்டு உங்கட மகனுக்குச் சொல்லுங்கோ."

நான் தைப்பதை நிறுத்தவில்லை. சுசி பாதியில் விட்ட விரிப்பின் ஓரத்தை, சுருங்காமல் மாமி இழுத்துப் பிடித்தார்.