உங்கட துவக்கை வித்துப்போட்டன்

இஞ்சாருங்கோ எண்டு கூப்பிட்டே காலத்தைக் கழிச்ச என்ரை மனிசனுக்கு,

உங்கட ஆண்டுப் பூசை வருது. நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு மகள் அனுசியா பிக்கரிங்கிலை இருந்து போனுக்கு மேலை போன். எல்லாரும் போடுற மாதிரி, வருசம் ஒண்டு போயும் துயரம் ஆறேல்லை எண்டு நாலு வரி எழுதிக் குடுத்திருக்கலாம். பேனையை எடுத்தால் அது வருகுதில்லை. வேறை ஒண்டுதான் வருது. அதை நீங்களும் கேக்கவேணும், எங்கட சனமும் வாசிக்கவேணும்.

உங்கட வேட்டைத் துவக்கை வித்துப்போட்டன். கோவிக்காதேங்கோ. கோவிச்சாலும் இனி என்ன செய்யிறது.

சக்களத்தி எண்டுதான் அதுக்கு நான் பேர் வைச்சிருந்தன், ஞாபகம் இருக்கோ? வேலையிலை கூட நிண்ட இத்தாலிக்காரனோடை சேர்ந்து வேட்டை பழகி, லைசென்ஸ் எடுத்து, ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிண்டியள். "துவக்குக்குப் பயந்து கனடாவுக்கு ஓடிவந்த சனம் நாங்கள், நீங்கள் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறியளே, உங்களுக்கென்ன விசரோ?" எண்டு கத்தினன். "இது மானுக்கு, றீற்றா. மனிசருக்கில்லை" எண்டு மட்டும் சொன்னியள்.

வேட்டைக்குப் போட்டு வந்து குசினி மேசையிலை பழைய துவாயை விரிச்சு, றேடியோ கேட்டுக்கொண்டு, பிள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி அதைத் துடைப்பியள். வீடு முழுக்க எண்ணெய் மணம். நான் பேசிக்கொண்டே மான் கறியைக் கிண்டுவன். அந்த நேரத்திலை உங்கட முகத்திலை இருந்த சந்தோசத்தை வேறை நேரத்திலை நான் கண்டது குறைவு.

நீங்கள் போனாப் பிறகு அதை நான் வைச்சிருக்க ஏலாது, எனக்கு லைசென்ஸ் இல்லை. "பொலிசிலை குடுத்தால் அழிச்சுப்போடுவினம், அதோடை முடிஞ்சுது அம்மா" எண்டு அனுசியா சொன்னவள். எனக்கு மனம் கேக்கேல்லை. உங்கட கை பட்ட சாமானை வெட்டி எறியிறதோ? ஆரும் ஒரு நல்ல மனிசன்ரை கையிலை குடுப்பம் எண்டு நினைச்சன். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

நல்ல மனிசன் எண்டு நான் பிடிச்சது ஜெயனை. அது அவன்ரை சொந்தப் பேரில்லை, இதிலை அப்பிடியே இருக்கட்டும். உங்கட சவப்பெட்டியைத் தோளிலை சுமந்தவன், செத்தவீடு முடியுமட்டும் ஓடி ஓடி வேலை செய்தவன். அவனுக்கு லைசென்ஸ் இருந்தது. அனுசியா எல்லாம் முறைப்படி பாத்துத்தான் எழுதிக் குடுத்தவள். உங்கட முப்பத்தொண்டாம் நாள் முடிஞ்ச கையோடை மனிசி சுகந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் துவக்கைத் தூக்கி யன்னல் பக்கம் பிடிச்சுப் பாத்தான். சுகந்தியின்ரை தேத்தண்ணி ஆடை படிஞ்சு அப்பிடியே கிடந்தது. "என்ன பிள்ளை, சீனி காணாதோ?" எண்டு கேட்டன். அதுக்கு மேலை ஒண்டும் கேக்கேல்லை.

பேந்து ஒரு ஞாயிறு, பூசை முடிஞ்சு கோயில் மண்டபத்திலை கோப்பை கழுவிக்கொண்டு நிக்கிறன். சுகந்தி பக்கத்திலை வந்து நிண்டாள்.

"அன்ரி, அங்கிள் வேட்டையாலை வந்தாப் பிறகுதானே துவக்கைத் துடைக்கிறவர்?"

"ஓம். ஏன் பிள்ளை?"

"இவர் வேட்டைக்கே போறேல்லை, அன்ரி. எங்களுக்குள்ளை சண்டை வந்தால் எடுத்துத் துடைக்கிறார்." தண்ணியைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் சொன்னாள். "ஏசமாட்டார், அடிக்கமாட்டார். எனக்கு முன்னாலை இருந்து துடைப்பார். துடைச்சு முடியுமட்டும் நானும் பிள்ளையும் கதிரையாலை எழும்பக்கூடாது."

ஐயோ! நீங்கள் ஆசையாய்ச் செய்த அதே வேலை. அதே துவக்கு.

ஆரிட்டைச் சொல்ல? அது அவையின்ரை குடும்ப விசயம் எண்டு வாயை மூடிப் பழகின சனமல்லோ நாங்கள். ஒரு பொய்யை யோசிச்சுக்கொண்டு ஸ்ரௌவ்வில்லிலை இருக்கிற அவையின்ரை வீட்டுக்குப் போனன். மருமகன் லைசென்ஸ் எடுத்திட்டார், மாமாவின்ரை துவக்கு வேணுமாம், தந்த காசுக்கு மேலையும் தருவாராம் எண்டன். ஜெயன் சிரிச்சான். "உதை இனி ஆருக்கும் குடுக்கமாட்டன், அன்ரி. இப்பத்தான் வீட்டிலை எனக்கு ஒரு மரியாதை கிடைச்சிருக்கு." வெளியிலை வந்தால் வரிசை வரிசையாய்ப் புது வீடுகள், ரோட்டிலை ஒரு குருவி இல்லை. அந்தப் பெட்டை கத்தினாலும் ஆருக்குக் கேக்கும்?

கடைசியிலை அனுசியாவுக்கு எல்லாத்தையும் சொன்னன். அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவள்தான் போய்ச் சுகந்தியையும் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு வந்தவள். எங்கட வெக்ஸ்போர்ட் மாடி வீட்டுக்குத்தான் முதல் வந்தவை. சாப்பாடு முடிய, மேசையைத் துடைப்பம் எண்டு துணியை எடுத்தன். அந்தச் சின்னப் பெட்டை ரெண்டு கையையும் மடியிலை வைச்சுக்கொண்டு அசையாமல் இருந்தாள். நான் துடைச்சு முடிக்குமட்டும் மூச்சு விட்டாளோ தெரியாது. அதுக்குப் பிறகும் யோசிக்கிறதோ? பொலிசுக்கு அடிச்சன்.

பொலிஸ் போய் அவன் துவக்கு வைக்கிற இரும்புப் பெட்டியைத் திறந்தால், உள்ளை ஒண்டுமில்லை. வித்திட்டன் எண்டானாம். ஆருக்கு எண்டால் மறந்துபோச்சாம். அவையளுக்குக் கிட்டப் போகக்கூடாது எண்ட கட்டளையோடை இப்ப பிணையிலை வெளியிலை நிக்கிறான். சுகந்தியும் பிள்ளையும் என்னோடை இல்லை. எங்கை எண்டு நான் எழுதமாட்டன், ஆரும் கேக்கவும் வேண்டாம்.

எனக்குப் பயமாக் கிடக்கு, இஞ்சாருங்கோ. லிஃப்ற் எங்கட மாடியிலை நிண்டால் போய்க் கதவுப் பூட்டைத் தொட்டுப் பாக்கிறன். எனக்கு என்னவும் நடந்திட்டுப் போகட்டும், நான் வாழ்ந்தவள். அந்தத் துவக்கு திரும்ப அவன்ரை கைக்குப் போனால் அந்த ரெண்டு சீவனுக்கும் என்ன நடக்கும்? அது நான் குடுத்த துவக்கல்லோ? அண்டைக்கே அழிக்கக் குடுத்திருந்தால் நீங்கள் என்னோடை கோவிச்சிருப்பியளோ? உங்களைத் தெரிஞ்ச எனக்கு, மாட்டியள் எண்டு இப்பத்தான் விளங்குது.

இதை வாசிக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன். ஆருக்கும் குடுக்கமாட்டன் எண்டவன் அதை விக்கேல்லை. ஆரோ எங்கட ஆக்களின்ரை வீட்டிலைதான் அது கிடக்கு. "அண்ணை, கொஞ்ச நாளைக்கு உதை வைச்சிருங்கோ" எண்டால், என்ன ஏது எண்டு கேளாமல் பேஸ்மென்ற்றிலை கொண்டுபோய் வைக்கிற சனம் நாங்கள். கேட்டால் மரியாதை இல்லையாம்! அது கிடக்கிறது நீளமான பச்சைப் பைக்குள்ளை. இழுத்துப் பூட்டுற சிப் பிஞ்சு போச்செண்டு நான்தான் சிவப்பு நூலாலை தைச்சுக் குடுத்தது. மீன் பிடிக்கிற தூண்டில் எண்டுகூடச் சொல்லித் தந்திருப்பான். அவன் வந்து கேட்டால் குடுத்துப்போடாதேங்கோ. திறக்கவும் வேண்டாம், பொலிசைக் கூப்பிடுங்கோ. ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பொலிசிலை குடுத்தவள் எண்டு என்னை வேணுமெண்டால் திட்டுங்கோ. வாங்கிக்கொள்ளுறன்.

இஞ்சாருங்கோ, அது பொலிசின்ரை கையிலை ஆப்பிட்டால் இந்த முறை மனம் கேக்கேல்லை எண்டு சொல்லமாட்டன். வெட்டச் சொல்லி நானே கையெழுத்து வைப்பன். அதுக்கு முதல், உங்கட பூசை முடிய மண்டப வாசலிலை நிண்டு இந்த மலரை ஒவ்வொருத்தற்றை கையிலையும் நானே குடுப்பன். குடுத்துப்போட்டு விலகமாட்டன். அவை வாசிக்குமட்டும் நிண்டு, ஆரின்ரை முகம் மாறுது எண்டு பாப்பன். அது உங்கட பெட்டிக்குப் பூப் போட்ட ஒராளின்ரை முகமாய்த்தான் இருக்கும். அதுதான் எனக்குப் பெரிய பயம். எண்டாலும் பாப்பன்.

உங்கட மனிசி,
றீற்றா