வேலாமணி வெச்சுக்கச் சொன்ன புறா

முருகன் துணை

சேரம்பாடி,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரஞ்சனிக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் மழையோடு மழையாகச் சுகமாகவே இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குத் தபால் எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் எஸ்டேட் லயத்து வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அம்மா காதில் விழும். இப்போதும் கட்டிலில் சாய்ந்துகொண்டு நான் எழுதுவதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் அவள் எதிரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற பிரட்டுக்களத்தில் ஒட்டிய நோட்டீஸ்களைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து, கடைசியில் இதற்கா உதவ வேண்டும் என்று கேவலமாக இருக்கிறது.

முதலில் ஊர்ச் சேதி. கீழ் லயத்துப் பலாவை யானை வந்து முறித்துப் போட்டுவிட்டது, பழத்தைத் தின்றுவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை, மரத்தோடு சாய்த்துவிட்டது. உன்னோடு படித்த இந்துவுக்குப் பந்தலூரில் வேலை கிடைத்திருக்கிறது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள், சாயங்காலம் அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். யாரையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. சித்திரையில் அம்மாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டபோது உனக்கு லீவு தரவில்லை என்றாய், நானும் சரி என்றேன். ஆனால் அந்த நாட்களில் நீ இங்கே இருந்திருந்தால் நான் செய்த காரியத்தைச் செய்திருக்க மாட்டேன் என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

காரியம் இதுதான். ஆண் புறா பறந்து போய்விட்டது என்று அம்மா போனில் உன்னிடம் வருத்தப்பட்டாள் இல்லையா, அது எங்கேயும் பறக்கவில்லை. நான்தான் அதைத் திருகிச் சூப்பு வைத்து அவளுக்குக் கொடுத்தேன்.

எப்படி நடந்தது என்று கேள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அய்யன்கொல்லிப் பக்கத்திலிருந்து ஒரு மலையாள வைத்தியரைக் கூட்டிவந்தேன். எண்ணெய் கொடுத்தார், உருவிவிட்டார், கடைசியில் "ப்ராவு, ப்ராவு" என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை, பலகாரம் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தாள். புறாவைத்தான் சொல்கிறார், அதன் சூட்டுக்கு மரத்த கை திரும்பும் என்கிறார் என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. "ஊட்டண்டி வந்து அடையிற ஜீவன். என் உசுரே போனாலும் அதத் திங்க மாட்டேன், அந்தாளுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்புங்க" என்றாள். மளிகைக் கடை ரவிச்சந்திரன் சம்சாரம் வேலாமணியும் அப்போது பக்கத்தில்தான் நின்றாள். இதை ஞாபகத்தில் வை.

வேலாமணி வளர்த்த அந்த வெள்ளைச் சோடியை நீ வீடியோவில் பார்த்திருக்கிறாய். கடைக் கூரையிலிருந்து இறங்கி நம் ஜன்னலுக்கு வரும், அம்மா நல்ல கையால் அரிசி போடுவாள். வைகாசியில் வேலாமணி தன் மகள் பிரசவத்துக்கு அன்னூர் போனாள். போகிற அன்று புறாக்கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏனுங்ணா, நான் வர நாளாகுமுங்க. இவருக்குக் கடையப் பாக்கவே நேரம் பத்தாது. இந்தச் சோடிய அக்காளுக்குன்னே வெச்சுக்கங்க" என்றாள். அந்த ஒரு சொல்தான் மகளே. வெச்சுக்கங்க. குழம்பையும் வைக்கிறோம், வளர்க்கவும் வைத்துக்கொள்கிறோம். வைத்தியர் சொன்னதைக் காதால் கேட்டவள் கொண்டுவந்து கொடுத்து வெச்சுக்கங்க என்றால் நான் எப்படி எடுத்துக்கொள்வது? பேச்சில் ஒரு தெளிவு வேண்டாமா? வளர்க்க என்றால் வளர்க்க என்று சொல்லத் தெரியாதா அவளுக்கு?

கூண்டை ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் மாட்டினேன். உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. பெண் முட்டையிட்டு அடையில் உட்கார்ந்தது. பகலில் ஆண் வந்து மாறி உட்காரும். அதைப் பார்த்து அம்மா, "ஆம்பள முட்டை மேல உக்காருது பாருங்க, நீங்க எம் புள்ளைய ஒரு நாளு தூங்க வெச்சிருப்பீங்களா" என்று கேட்டுச் சிரித்தாள், விழுந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நீ வீடியோவில் காட்டிய பயிற்சியை விடாமல் செய்யவைத்தேன், கையை நான் தூக்கினால் தூக்கும், விட்டால் விழும். ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் இடது கையால் டம்ளரை எடுக்கப் பார்த்து, தேத்தண்ணி முழுக்க மடியில் கொட்டிக்கொண்டாள். சூடு கூடத் தெரியவில்லை அவளுக்கு. "இந்தக் கை இனிமே என்னுது இல்லைங்க" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். நான் வெளியே போய் மழையில் நின்றேன். பெண் அடையில் இருந்தது, அதனால் ஆணைப் பிடித்தேன். அது பயப்படவில்லை, கைக்குப் பழகியது.

விறகுக் கொட்டகையில் வைத்து முடித்தேன். உரித்தால் உள்ளங்கை அளவுக்குத்தான் இருந்தது, கறி கறுப்புச் சிவப்பு. மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், இஞ்சி போட்டுச் சுண்டவைத்து, இந்து வீட்டில் கொடுத்த நாட்டுக்கோழி என்று அம்மாவிடம் சொன்னேன். கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். சதை வேண்டாம், நீங்க சாப்பிடுங்க என்றாள். சாப்பிட்டேன், எலும்பு வரைக்கும் உறிஞ்சினேன். ருசியாக இருந்தது, ரஞ்சனி. திருகியதைக்கூட மருந்துக்கு என்று சொல்லிக்கொள்ளலாம், அந்த ருசிக்கு என்ன சமாதானம் சொல்வது என்று தெரியவில்லை. அன்றைக்கே என் ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த வெள்ளை இறகை அம்மா எடுத்து, "இங்கதான் எங்கயோ சுத்திக்கிட்டு இருக்கு" என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பெண் புறா தனியாக உட்கார்ந்து பார்த்தது. இரை எடுக்க இறங்கினால் முட்டை குளிர்ந்துபோகும், இறங்காவிட்டால் பட்டினி. கடைசியில் முட்டையை விட்டுவிட்டது. இப்போது கூண்டு வாசலில் சும்மா நிற்கிறது.

நீ கேட்டால் நம்ப மாட்டாய், அந்த வாரத்துக்குள்ளே அம்மாவின் விரல் அசைந்தது. பிறகு மணிக்கட்டு. போன வெள்ளிக்கிழமை இடது கை தானாக எழுந்தது. அந்தக் கையை வைத்து அவள் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஜன்னல் கொக்கியைத் தள்ளித் திறந்து, வெளியே அரிசி போட்டாள். ஆண் வந்தால் திறந்திருக்க வேண்டுமாம். அன்றிலிருந்து இந்த மழைச் சாரலில் ஜன்னலை மூட விடமாட்டேன் என்கிறாள். சளி பிடித்திருக்கிறது. மூடினால் அதே கையால் திறக்கிறாள். எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் தெரியவில்லை.

நேற்று வேலாமணி போன் செய்தாள். பெண் குழந்தையாம், ஆவணி பிறந்ததும் வருகிறாளாம். சோடி நல்லாருக்குதுங்களா என்று கேட்டிருக்கிறாள். அம்மா, "ஆம்பள கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கு, எங்க போயிரும், வந்துரும்" என்றாள். அந்தப் பக்கம் வேலாமணி, "ஆம்பளைங்க புத்தியே அதானுங்க அக்கா" என்று சிரித்தது எனக்குக் கேட்டது. வளர்க்கத்தான் கொடுத்திருக்கிறாள். சரி, மேலே ஒன்றை எழுதாமல் விட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். கூண்டோடு ஒரு பை கம்பும் கொடுத்துவிட்டுப் போனாள். சூப்பு வைக்கிற புறாவுக்கு யாராவது ஒரு பை கம்பு கொடுப்பார்களா? அன்றைக்கே இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் தெளிவாகச் சொல்லியிருப்பாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நான் கேட்கவில்லை. மற்றபடி, அந்தச் சொல் சரியான சொல் இல்லை என்பதை இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவள் வந்ததும் நேரில் போய்ச் சொல்லிவிடுவேன், வைதால் வாங்கிக்கொள்வேன். அம்மாவிடம் சொல்வதா என்பதுதான் தெரியவில்லை. "அந்தக் கோழி மாதிரி இன்னொரு தடவ வைங்க, அதுக்கப்புறம்தான் கைக்கு உசுரு வந்துச்சு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உண்மையான நாட்டுக்கோழி வாங்கி வைத்தேன், அந்த ருசி இல்லை என்று தள்ளிவிட்டாள். கால் இன்னும் திரும்பவில்லை. கூண்டில் பெண் இருக்கிறது.

நீ நர்சு, படித்தவள், அதனால் உன்னைக் கேட்கிறேன். கை எழுந்தது சூப்பினாலா, நீ சொல்லிக்கொடுத்த பயிற்சியினாலா? பயிற்சி என்று சொன்னால், அதை வீணாகக் கொன்றேன். சூப்பு என்று சொன்னால், இன்னொன்று கூண்டில் நின்று என்னையே பார்க்கிறது. எது என்றாலும் எனக்காக மாற்றிச் சொல்லாதே. பதிலைத் தபாலில் எழுது, போனில் வேண்டாம். அம்மாவிடம் புறாப் பேச்சை நீயாக எடுக்காதே, ஜன்னலை மட்டும் மூடச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

தலை ஈரத்தோடு ஏசியில் படுக்காதே. நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. மருதமலையானும் நம் மாரியம்மாளும் உன்னைக் கண்ணுக்குக் கண்ணாகக் காக்கட்டும், நோய் நொடியில்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும்.

முடிக்கப் போகிறேன் என்று தெரிந்து, தன் பங்குக்கு ஒரு வரி எழுதச் சொல்லி அம்மா வற்புறுத்துகிறாள். சொன்னபடியே எழுதுகிறேன்: "அப்பா என்னைய நல்லா பாத்துக்கிறாரு. ஆம்பளப் புறா வந்த ஒடனே ஒனக்குத்தான் மொதல்ல போன் போடுவேன்."

எழுதிவிட்டீர்களா என்று கேட்கிறாள். எழுதிவிட்டேன் என்றேன்.

உன் அப்பா,
அய்யாவு