கதவை மாமா திறப்பார்

என்னங்க,

டூட்டிக்குப் போகிறேன். சோறு அடுப்பு மேல் இருக்கிறது. ரசத்தை மட்டும் சூடு பண்ணுங்கள்.

மத்தியான பஸ்ஸில் சேந்தமங்கலத்திலிருந்து உங்கள் அக்கா வருகிறார். பகலில் நம் வீட்டுக் கதவைச் சாத்துவதில்லை. இன்று சாத்தித் தாழ் போடுங்கள். அவர் தட்டினால் நீங்கள் போகக்கூடாது. மாமாதான் திறக்க வேண்டும்.

பக்கவாதம் வந்து படுத்தவரிடம் நீங்கள் எல்லோரும் மாத்திரை போட்டாச்சா என்றுதான் கேட்டீர்கள். நான், "என்ன செய்யோணும்னு ஆசைங்க மாமா?" என்று கேட்டேன்.

"எம் மவ வந்தா நானே கதவத் தொறக்கோணும் சாமி" என்றார்.

தை மாதத்திலிருந்து நாங்கள் பழகுவதெல்லாம் அதற்குத்தான். கட்டிலை விட்டு எழுவது, வாக்கரைப் பிடித்து நடப்பது, இடது கையால் தாழ்ப்பாளை இழுப்பது.

நேற்று அவரைக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு போனீர்கள். தடுத்தேன். "நர்சு வேலைய ஆஸ்பத்திரியோட வெச்சுக்க புள்ள" என்றீர்கள். வைத்துக்கொள்ள மாட்டேன்.

"ஏண்டா, உம் பொண்டாட்டி அப்பன இந்தப் பாடு படுத்தறா, நீ பாத்துக்கிட்டு இருக்கறியா?" என்று அக்கா வெளியே நின்று கத்துவார். கத்தட்டும். மழை வந்தால் நனையட்டும்.

மாமா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காருங்கள். விழப்போனால் பிடியுங்கள். அதுவரை தொடாதீர்கள்.

ராஜேஸ்வரி

இன்னொன்று. கை சும்மா இருக்காது என்றால் கூடையில் குச்சிக்கிழங்கு இருக்கிறது, தோலை உரியுங்கள். கூடை முழுவதும் தீர்ந்தாலும் உங்கள் கை தாழ்ப்பாளுக்குப் போகக்கூடாது.