காட்டுக்கரையில் நிற்பவர்

செப்டம்பர் 8, திங்கள்

பல்செட்டு ஒன்றுக்கு மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தம்பியின் அதிகாரி. கடலோரப் பூங்காவில் அவன் காவலராகச் சேர்ந்ததிலிருந்து அந்த அம்மா என்னை அழைத்ததே இல்லை. போனை எடுத்த அவசரத்தில் முன்பல் ஒன்று கோணிவிட்டது.

"பயப்படாதீங்க, உடம்புக்கு ஒண்ணுமில்ல. வேலையும் ஒழுங்காத்தான் பாக்குறார். ஆனா சாயங்காலமானா யாருமே இல்லாத கடலப் பாத்து விசிலடிக்கிறார். வெளியே வாங்கன்னு கூப்பிடுறார். சுத்திப் பாக்க வர்றவங்க மிரள்றாங்க. நீங்க ஒரு தடவை வந்துட்டுப் போனா நல்லது."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "உன் தம்பி சின்ன வயசுலயே சுவத்தோட பேசுவானே" என்று பேச்சை லேசாக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 13, சனி

பேருந்து பூங்கா வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் மணல்மேடும் முட்புதரும் காற்றும்தான். தம்பி வண்டியோடு காத்திருந்தான். தோளைத் தொட்டால் எலும்புதான் கைக்கு வருகிறது.

"இளைச்சிட்டியேடா."

"கடல்காத்துக்கா. இரும்பையே தின்னுடும், நான் எம்மாத்திரம்."

சிரித்தான். தொழில் புத்தி, பல்லைத்தான் பார்த்தேன். கடைவாய்ப் பற்கள் எல்லாம் தேய்ந்து தட்டையாகிவிட்டன. தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறான். எதைப் போட்டு அப்படிக் கடிக்கிறான்?

கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் அவனுக்கு ஓர் அறை. கடல் பார்த்த ஜன்னலை மறைத்து அலமாரியை நகர்த்தி வைத்திருக்கிறான். ஏன் என்றதற்கு, "உப்புப் படியுது" என்றான். மற்ற ஜன்னல்கள் திறந்தே கிடக்கின்றன.

செப்டம்பர் 14, ஞாயிறு

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதுபோல எனக்கும் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினான். முதலில் பழைய கோட்டை. துரு ஏறிய பீரங்கிகள், அவற்றின் வாய்க்குள் பறவைக் கூடு. பிறகு காய்ச்சல் வீடு. கப்பலில் நோயோடு வந்தவர்களை ஊருக்குள் விடாமல் இங்கேதான் நிறுத்திவைத்தார்களாம். நீளமான கூடம், மேலே உயரத்தில் சின்னச் சின்னச் சாளரங்கள். கூரை பாதி இல்லை. சுவரில் ஆணியால் கீறிய கப்பல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. வெளியே மணலில் அவர்களுடைய கல்லறைகள். கல்லில் பெயர் கிடையாது.

"கரை கண்ணுக்குத் தெரிஞ்சும் உள்ள வர முடியாதவங்க அக்கா இவங்கெல்லாம்" என்றான். மற்றவர்களிடம் இந்த வரியைச் சொல்லமாட்டான் என்று தோன்றியது.

கல்லறைகளைத் தாண்டினால் ஆளரவமில்லாத நீண்ட கடற்கரை. பூங்காவில் எல்லோரும் அதைக் காட்டுக்கரை என்கிறார்கள். 'குளிக்கத் தடை' என்ற பலகை, பக்கத்தில் கம்பத்தில் தொங்கும் மிதவை. அழகு என்றால் அப்படி ஓர் அழகு, கிட்டே போகத் தோன்றாத அழகு.

வெயில் இறங்கியதும் அவன் பேச்சை நிறுத்தினான். தண்ணீர் விளிம்புக்கு நடந்தான். விசிலை எடுத்து ஊதினான். கையை அகலமாக வீசி, "வாங்க, வெளியே வாங்க" என்று கூப்பிட்டான். சத்தம் போடவில்லை. பந்தியில் இடம் பிடித்துவைத்து ஒருவரை அழைப்பதுபோல, அவ்வளவு மரியாதையாக.

கடலில் யாரும் இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

கேட்டேன். "சொல்றேன்க்கா" என்றான். சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று சொன்னான். காய்ச்சல் வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பு வாரைத் திருகிக்கொண்டே.

போன வருடம் ஒரு கணவனும் மனைவியும் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார்கள். காட்டுக்கரையில் அந்தப் பெண் கால் நனைக்க இறங்க, நீரோட்டம் இழுத்துவிட்டது. பின்னாலேயே கணவர் பாய்ந்திருக்கிறார். தம்பி மிதவையோடு நீந்திப் போய்ச் சேர்ந்தபோது அவர் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாராம். அவளுக்குப் பாதி நினைவு இல்லை. அந்த இழுப்பில் இரண்டு பேரையும் சேர்த்துக் கொண்டுவர முடியாது என்று இவனுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. அவரே சொன்னார். 'இவளக் கொண்டு போங்க, நான் நிக்கிறேன்'னார். பஸ் ஸ்டாப்புல சொல்ற மாதிரி. அங்க நிக்கிறதுக்குக் காலுக்குக் கீழ தரையே இல்லக்கா."

அவளைக் கரையில் போட்டுவிட்டுத் திரும்ப நீந்தினான். யாரும் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

"தினம் நிக்கிறார். கழுத்தளவு தண்ணியில. நிக்கிறேன்னுதான சொன்னார்? நான் கூப்பிடாம எப்படி இருக்கிறது?"

தலையைத் தடவிக் கொடுத்தேன். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் கண்டால் செய்வதுபோல. வேறு என்ன தெரியும் எனக்கு?

செப்டம்பர் 17, புதன்

எழுதலாமா வேண்டாமா. எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் கோட்டைமேல் ஏறிய கூட்டத்தை இறக்க அவன் போயிருந்தான். நான் பலகைக்குப் பக்கத்தில் தனியாக இருந்தேன். அலைகளுக்கு அப்பால் ஒரு தலை. மரக்கட்டை என்று நினைத்தேன். மரக்கட்டை என்றால் அலையோடு ஏறி இறங்கும். இது ஏறவில்லை. அலை மூடியது, விலகியது, அதே இடம். மறுபடியும் மூடியது. அதே இடம். அவனுடைய தூரக்கண்ணாடி என் கழுத்தில் கிடந்தது. எடுத்துப் பார்க்கக் கை வரல. எங்க வரும். அந்தத் தலை கரையப் பாத்துதான் இருந்துச்சு, அது எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிஞ்சுது.

பின்னாலிருந்து தம்பி வந்தான். "தெரியுதாக்கா?"

அந்தக் குரலில் இருந்த ஆசை. தெரியுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் இந்தக் கரையை விட்டு எந்நாளும் நகரமாட்டான்.

"ஒண்ணுமில்லடா" என்றேன்.

அவன் விசிலை எடுத்தான். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கல்லறைகளைத் தாண்டும்போதுதான் கவனித்தேன், ஓடிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அதிகாரியிடம் போய், அந்த மனைவி என்ன ஆனாள் என்று கேட்டேன்.

"உங்க தம்பியப் பாக்கணும்னு எத்தனையோ தடவை கேட்டாங்க. வந்தப்பல்லாம் இவர் கலங்கரை விளக்கத்துல ஏறி உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார்."

"வரச் சொல்லுங்க" என்றேன்.

தம்பியிடம் சொன்னதும் சண்டை. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அவங்க முன்னால நிக்கிறது? உன்ன யாரு கேட்டா?"

"அவர் கடைசியா சொன்னத அந்தப் பொண்ணுகிட்ட யாராவது சொன்னீங்களாடா?"

"போலீஸ்ல கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அத யாரும் கேக்கல."

அவளைப் பார்த்ததும் ஒரேயடியாக உடைந்துபோவானோ என்று பயமாக இருக்கிறது. மூக்கை நுழைத்துவிட்டேன். இனி இழுக்க முடியாது.

செப்டம்பர் 20, சனி

வந்தாள். என்னைவிடச் சிறியவள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கோபக்காரி என்று பார்த்தவுடன் தெரிந்தது. காட்டுக்கரை வரை எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி இரண்டு முறை நின்று நின்று வந்தான். நான் முதுகில் கை வைத்து நடத்தினேன்.

அவள்தான் ஆரம்பித்தாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன். அவரு என் கைய விட்டுட்டுப் போயிட்டார். நீங்கதான் பிடிச்சீங்க."

தம்பி நிமிர்ந்தான். "யாரு விட்டது?"

"எனக்கு நினைவிருக்கு. கை நழுவுச்சு. தான் பிழைச்சா போதும்னு நீந்திட்டார். ஒரு வருஷமா அவர் போட்டோவ நான் திருப்பித்தான் வெச்சிருக்கேன்."

"இல்லங்க." மறுபடியும் "இல்லங்க" என்றான். பிறகு சொன்னான். அவர் தூக்கிப் பிடித்திருந்தது, மிதவையில் அவளைத் தானே சாய்த்துவிட்டது, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது. "உங்க கைதான் அவர விடல. அவரே எடுத்துவிட்டார். 'இவளக் கொண்டு போங்க, நான் நிக்கிறேன்'னார்."

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெயில் இறங்கியபிறகுதான் கேட்டாள்.

"எங்க நின்னார்?"

தம்பி கையை நீட்டிக் காட்டினான். அவள் எழுந்து, நுரை தொடாத தூரத்தில் போய் நின்றாள். நானும் தம்பியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம்.

"நான் கரை சேந்துட்டேங்க" என்றாள். சத்தமாக, ஒரே ஒரு முறை.

நான் கடலைப் பார்க்கவில்லை. துணிச்சல் இல்லை. தம்பியின் முகத்தைத்தான் பார்த்தேன். வெகுநேரம் அப்படியே நின்றான். பிறகு அவன் தாடை மெல்ல இறங்கியது. பூட்டு கழன்றதுபோல.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஊருக்குக் கிளம்பிவிட்டேன். பேருந்தில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தும் உட்காரவில்லை. சாலை நெடுக அந்தப் பக்கம் கடல்.

அக்டோபர் 19, ஞாயிறு

தம்பி விடுமுறையில் வந்திருக்கிறான். கூடத்தில் பாயை விரித்துப் படுத்தவன் மதியம்வரை எழவில்லை. இவர் டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துவிட்டு, "மனுஷன் இப்படியும் தூங்குவானா" என்று ஆச்சரியப்பட்டார். காட்டுக்கரையிலேயே வேலை கேட்டு வாங்கியிருக்கிறானாம். இப்போது அங்கே கடல் மட்டும்தான் இருக்கிறது என்றான்.

இவர் கடைக்குப் போனதும் சாப்பிட உட்கார்ந்தான். பரிமாறிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் கேட்டான்.

"அன்னைக்கு நீயும் பாத்ததானேக்கா?"

கரண்டியைக் கீழே வைத்தேன். அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா."

தலையை ஆட்டினான். பிறகு தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான்.