திரும்பி வருவாள் என்பதற்கு அத்தாட்சி

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட வேண்டாம். வக்கீலிடம் கண்டிப்பாக வேண்டாம். கூடவே மடித்து வைத்திருக்கும் கோடு போட்ட தாளை மட்டும் அவரிடம் கொடு.

குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா மாத்திரை போட்டுத் தூங்குகிறாள். போனை அப்பா சுவரில் அடித்து உடைத்துவிட்டார். அதனால்தான் மூன்று நாளாக நீ கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை.

உன்னிடம் வந்தால் அம்மா ஊருக்குத் திரும்பி வருவாள் என்று நம்பவில்லை என்றுதானே விசாவை மறுத்தார்கள்? மேல்முறையீட்டுக்கு நீ கேட்டபடி தையல் கடை முதலாளியம்மா கடிதம் கொடுத்தார். பதினோரு வருடமாக இங்கே காலர் தைக்கிறாள், உன் பிரசவத்துக்காக இரண்டு மாதம் லீவு, அதுவரை அவள் மெஷினில் யாரையும் உட்கார வைக்க மாட்டேன் என்று எழுதி, முத்திரையும் குத்தினார். "பாருடி, எனக்காக ஒரு மெஷின் காத்துக்கிட்டு இருக்குமாம்" என்று அம்மா சிரித்தாள்.

வக்கீல் அப்பாவிடமும் ஒரு கடிதம் வாங்கச் சொன்னார் இல்லையா? செவ்வாய்க்கிழமை அம்மா அப்பாவிடம் தாளை நீட்டினாள். "போனா திரும்பி வருவியா?" என்று கேட்டார். விசா அதிகாரி கேட்ட அதே கேள்வி. அம்மா கடைக் கடிதத்தைக் காட்டினாள். பொறுமையாக முழுவதும் படித்தார். அப்புறம் அவள் வலது கையை மேஜையில் அழுத்திப் பிடித்து, இஸ்திரிப் பெட்டியால் அடித்தார். நான்கு அடி. "இப்ப போய் உக்காரு உன் மெஷின்ல" என்றார். குறுக்கே போன என்னைக் கதவில் தூக்கி எறிந்தார்.

அம்மாவுக்கு மூன்று விரல் முறிந்துவிட்டது. எனக்கு உதட்டில் தையல். ஆஸ்பத்திரியில் மாடிப்படியில் விழுந்தோம் என்றோம். "ரெண்டு பேருமா?" என்று நர்ஸ் கேட்டார். நம் வீட்டில் மாடியே இல்லை.

கடைக் கடிதத்தை அனுப்பக் கூடாது என்கிறாள் அம்மா. "ஊசியே பிடிக்க முடியாதவ வேலைக்கு வருவேன்னு எப்படிடி சொல்றது?" என்கிறாள். இனி அவள் திரும்பி வருவதற்கு மிச்சமிருக்கும் அத்தாட்சி நான்தான். அதனால் கோடு போட்ட தாளில் நானே எழுதியிருக்கிறேன். எனக்குப் பதினான்கு வயது, இங்கேதான் படிக்கிறேன், அம்மா என்னை விட்டுவிட்டு எங்கேயும் தங்கிவிட மாட்டாள் என்று. அடி விஷயம் அதில் இல்லை. தெரிந்தால், இந்த வீட்டுக்கு எவள் திரும்பி வருவாள் என்றுதான் அதிகாரி நினைப்பார்.

ஆனால் வருவாள், அக்கா. நான் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்பா இருக்கும் இந்த வீட்டுக்கே, எனக்காக வருவாள்.

காலையில் முதலாளியம்மா இதைத் தபாலில் சேர்ப்பார். உனக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். அம்மா வந்தால் கையைப் பற்றி எதுவும் கேட்காதே. குழந்தையை அவளுடைய இடது பக்கமாகக் கொடு. இரண்டு மாதம் முடிந்ததும் என் பெயரைச் சொல்லிக் கிளம்புவாள். அப்போது நீ அவளை

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இப்போது இடது கையால் மெதுவாகத்தான் தட்டுவாள். இது அம்மா இல்லை.